தட்டை நிலத்துக்கு மேலே: வன்னியில் ட்ரோன் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

மலைநாட்டில் ட்ரோனை எழுப்பி விட்டாலே பாதிப் படம் கிடைத்துவிடும். மலையும் பள்ளத்தாக்கும் முகிலும் தாமாகவே அடுக்கடுக்காக வந்து நிற்கும். வன்னியில் அந்தச் சலுகை கிடையாது. வவுனியாவைத் தாண்டி வடக்கே போகப் போக நிலம் தட்டை. நூறு மீற்றருக்கு மேலே ஏறியதும் காடும் வயலும் குளமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தூரத்தில் ஒரு அடிவானக் கோடு மட்டும் மிஞ்சும். புதிதாக ட்ரோன் வாங்கிய பெடியள் பலர் முதல் கிழமையே மேலே மேலே ஏற்றிப் பார்த்துவிட்டு, "கூகுள் மப்பில பாக்கிற மாதிரித்தான் கிடக்கு" என்று அலுத்துப் போவது இதனால்தான்.

இங்கே படத்தைத் தருவது உயரம் அல்ல. தண்ணீர், நிழல், வரம்பு, வாய்க்கால், கரை. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தாழ என்ற மூன்றும் சரியாக அமைந்தால் சின்ன ட்ரோனே போதும். ஆனால் அதற்கு முன்னால் தரையில் செய்து முடிக்க வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

முதலில் கடதாசி வேலை

இலங்கையில் ட்ரோன்களுக்குப் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபை. அங்கே பதிவதும் பறப்புக்கு அனுமதி எடுப்பதும் தான் முதல் படி. ட்ரோனின் எடையைப் பொறுத்து வகை மாறும், வகையைப் பொறுத்து நடைமுறையும் மாறும். "249 கிராம்தானே, அதுக்கு ஒண்டும் தேவையில்லை" என்று யூடியூப்பில் கேட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் வேறு நாட்டுச் சட்டத்தைப் பற்றிய பேச்சு. அதை நம்பி இங்கே எழுப்ப வேண்டாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதுமே ட்ரோன் பறக்க விடுவதைத் தடை செய்து வைத்திருந்தார்கள். ஆகவே நண்பர் சொன்ன பழைய கதையை விட்டு, விண்ணப்பிக்கிற அன்று சபையின் இணையத்தளத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள். அனுமதியில் எழுதியிருக்கிற உயரமும் இடமும் தான் உங்கள் எல்லை.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வருகிற மாமாவின் சூட்கேசுக்குள் ட்ரோன் வரப்போகிறதென்றால், அவர் விமானம் ஏற முன்னரே பாதுகாப்பு அமைச்சு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஆகியவற்றின் அனுமதி பற்றி விசாரித்து வையுங்கள். சுங்கத்தில் நின்று விளங்கப்படுத்துவது கஷ்டம்.

வன்னிக்கென்று இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, விமானப்படைத் தளங்கள். இரணைமடு, வவுனியா, முல்லைத்தீவு மூன்று பக்கமும் இருக்கின்றன. தரைப்படை முகாம்களும் நிறைய. ட்ரோனின் செயலியில் சிவப்பு வட்டம் காட்டவில்லை என்பதற்காக அந்த இடம் திறந்த இடம் ஆகிவிடாது. அந்த வரைபடத்தை வைத்திருப்பது ட்ரோன் கம்பனி, எங்கள் பாதுகாப்பு அமைச்சு இல்லை. மற்றது, வனசீவராசிகள் திணைக்களத்தின் இடங்கள். சுண்டிக்குளம் 1938 இலேயே பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. மடு வீதிக் காடும் அதே ஆண்டில் தேசியப் பூங்காவானது. மன்னார்ப் பக்கம் வங்காலை, 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலிட்ட ஈரநிலம். இந்த இடங்களில் திணைக்களத்தின் தனி அனுமதி இல்லாமல் பையைத் திறக்கவே வேண்டாம்.

அனுமதிக் கடிதத்தைப் பிரதி எடுத்து, போகிற இடத்துப் பொலிசுக்கு ஒன்றும் விதானையாருக்கு (கிராம சேவையாளருக்கு) ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனால் பிறகு வருகிற கேள்விகள் பாதியாகக் குறையும். மூலப்பிரதி எப்போதும் கையில் இருக்கட்டும்.

அயலுக்குச் சொல்லாமல் எழுப்ப வேண்டாம்

இதைத்தான் எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை. போர்க்காலத்தில் வேவு விமானத்தை இங்கே சனம் வண்டு என்று சொல்லும். வண்டு சுற்றினால் பின்னாலே கிபிர் குண்டுவீச்சு விமானமோ ஷெல்லோ வரும் என்று பதுங்குகுழிக்கு ஓடிய ஆட்கள் இன்னும் அதே காணிகளில்தான் இருக்கிறார்கள். உங்கள் ட்ரோனின் இரைச்சல் அதைவிட எவ்வளவோ மெல்லியது. ஆனாலும் வானத்தில் இருந்து விடாமல் இரைகிற ஒரு சத்தம்தான். வயதான ஒருவர் முற்றத்தில் இருந்து திடுக்கிட்டு எழும்பினால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இன்னொரு சந்தேகமும் வரும். எல்லைக்கல் நட்ட கதை, காணி பறிபோன கதை இல்லாத ஊர் இங்கே குறைவு. வயலுக்கு மேலே ஒன்று நேர்கோட்டில் போய்த் திரும்பி வந்தால், "தம்பி, ஆர் அனுப்பினது? காணி அளக்கவோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே எழுப்ப முன் கிட்ட உள்ள வீடுகளுக்குப் போய் நான் இன்ன ஊர், இன்னாரின் பிள்ளை, குளத்தைப் படம் எடுக்க வந்தேன், கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று சொல்லுங்கள். "வாங்கோ அப்பு, இதில பாருங்கோ" என்று றிமோட் திரையை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். தன் வயலை மேலே இருந்து முதல்முறை பார்க்கிற கமக்காரர், எந்த மூலையில் எப்போது வெயில் விழும், எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று தானாகவே சொல்லத் தொடங்குவார். அந்தத் தகவல் எந்தச் செயலியிலும் கிடையாது.

நந்திக்கடலும் முள்ளிவாய்க்கால் கரையும் மேலே இருந்து பார்க்க மிக அழகான நிலம். அதே நேரம் சனம் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த இடம். மே மாதம் நினைவு நாட்களில் அங்கே இயற்கைக் காட்சி என்று சொல்லி ட்ரோன் எழுப்புவதை நான் சரியென்று நினைக்கவில்லை. மற்ற நாட்களிலும் கரையில் ஆட்கள் விளக்கேற்றிக்கொண்டோ அழுதுகொண்டோ நின்றால் பெட்டியைத் திறக்காமல் திரும்பி வாருங்கள்.

எந்த ட்ரோன்

இதில் அதிகம் மினக்கெட வேண்டாம். டிஜேஐ மினி 3, மினி 4 ப்ரோ வகையில் ஒன்று நிலக்காட்சிக்குத் தாராளம். இரண்டிலும் 1/1.3 அங்குலச் சென்சர், அப்பேச்சர் (ஒளி நுழைகிற துவாரம்) எஃப் 1.7 இல் நிலையாக இருக்கும், றோ கோப்பு, அதாவது கமரா திருத்தாத மூலக் கோப்பு, எடுக்கும். மினி 4 ப்ரோ சுற்றிவர உள்ள தடைகளைத் தானே கண்டு நிற்கும். மினி 3 கீழே மட்டும்தான் பார்க்கும், பனை வட்டு முன்னால் வந்தால் நேரே போய் முட்டும். எயார் 3 இல் 70 மில்லிமீற்றருக்குச் சமனான இரண்டாவது லென்ஸ் இருக்கிறது. தட்டை நிலத்துக்கு அது பெரிய உதவி. தூரத்தையும் கிட்டவையும் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்டும். காசு இருந்தால் அது. இல்லாவிட்டால் பாவித்த மினி ஒன்றை வாங்கி, மிச்சக் காசில் இன்னும் இரண்டு பட்டரி எடுங்கள்.

மாதமும் மணியும்

புரட்டாதி, ஐப்பசியில் மானாவாரி வயல்களில் புழுதி விதைப்பு நடக்கும். உழுத மண்ணில் உழவு மெசினின் சில்லுத் தடம் வளைந்து வளைந்து போவதை மேலே இருந்து நேர் கீழாக எடுத்தால் வேறொன்றும் தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் மழை. மழை விட்ட காலைகளில் காற்றில் தூசி கழுவுப்பட்டு அடிவானம் வரை தெளிவாகத் தெரியும். வருசத்திலேயே தூரக் காட்சிக்கு நல்ல நாட்கள் அவைதான். குளங்கள் வான் பாய்வதும் அப்போது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றில் வான் கதவு திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் படம் எடுக்கத் துடிப்பீர்கள். வெள்ள அபாய நேரத்தில் மீட்பு ஹெலிகொப்டர் வரக்கூடிய வானத்தில் ட்ரோன் இருக்கக் கூடாது. வெள்ளம் வடிந்து, மேலதிக நீர் அமைதியாக வழிகிற நாளுக்குப் பொறுத்திருங்கள்.

தை, மாசியில் காலபோக அறுவடை. பொன்னிறம் எல்லாருக்கும் தெரிந்த படம். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்திய கிழமை: வெட்டு மெசின் போன தடம், வைக்கோல் வரி, எரித்த திட்டு, இன்னும் வெட்டாத ஒரு துண்டு எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வரும்.

வைகாசியில் இருந்து ஆவணி வரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. பகலில் காற்று பலமாக வீசும், தூசி பறக்கும், வானம் வெளிறிப் போகும். அந்த மாதங்களில் பையைக் கட்டி வைப்பவர்கள்தான் அதிகம். நான் சொல்வேன், வன்னிக்கே உரிய படங்கள் அப்போதுதான் கிடைக்கும். குளம் வற்ற வற்றத் தண்ணீர் பின்வாங்கிய ஒவ்வொரு கட்டமும் கரையில் ஒரு வரியாகப் பதிந்திருக்கும். ஈரச்சேறு கறுப்பு, அதற்கு வெளியே புதுப்புல்லின் பச்சை, அதற்கும் வெளியே காய்ந்து வெடித்த சாம்பல். அந்த வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மாட்டுத் தடங்கள் எல்லாம் ஒரே தண்ணீர்ப் பள்ளத்துக்கு வந்து கூடும். குளத்துக்குள் நின்று பட்டுப்போன மரங்கள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு தனியே நிற்கும். களப்புகளின் ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு கட்டும். இதெல்லாம் இருபது முப்பது மீற்றர் உயரத்தில் மட்டும் தெரிகிற விடயம். தரையில் நின்றால் வெறும் சேறு, நூறு மீற்றரில் வெறும் மண்ணிறம்.

மணியைப் பொறுத்தவரை வன்னி ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை நடுப்பகுதியிலும் ஆவணிக் கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அந்நேரம் எதற்கும் நிழல் இல்லை, தட்டை நிலம் இன்னும் தட்டையாகும். நேர் கீழாக எடுத்தால் குளத்துக்குள் சூரியனின் வெட்டொளி நடுவே வந்து விழும். காலைதான் நேரம். சூரியன் 20 பாகை ஏறும்போது 20 மீற்றர்ப் பனை ஒன்றின் நிழல் ஏறக்குறைய 55 மீற்றர் நீளும். மேலே இருந்து பார்க்கிற படத்தில் பனையைப் பனையாகக் காட்டுவது அந்த நிழல்தான். உதயத்தில் இருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை இந்த ஒளி நிற்கும். சோளகமும் அந்நேரம் ஓய்ந்திருக்கும். பின்னேரத்தில் ஒளி நல்லதுதான், ஆனால் காற்று முழுதாக அடங்காது, தூசியும் மேலேயே நிற்கும்.

எழுப்ப முன்

1. பட்டரி, றிமோட், போன் மூன்றும் நிறைந்திருக்க வேண்டும். ஏ9 வீதியோரம் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள் பட்டரியை விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். மினி வகைகளுக்குச் சொல்லப்பட்ட இயங்கு வெப்பநிலையின் மேல் எல்லை 40 பாகை. பூட்டிய வாகனத்துக்குள் அதைத் தாண்ட அதிக நேரம் எடுக்காது.

2. தரையில் தறப்பாள் துண்டொன்றை விரித்து அதன் மேல் வையுங்கள். செம்மண் புழுதியும் கடற்கரை மணலும் கமராவைத் தாங்குகிற கிம்பலின் குட்டி மோட்டருக்குள் போனால் படம் நடுங்கத் தொடங்கும். தறப்பாளின் நாலு மூலைக்கும் கல் வைக்க மறக்க வேண்டாம். விசிறிக் காற்று அதையே தூக்கி அடிக்கும்.

3. துருசின் (மதகின்) கொங்கிறீட், வான் கதவின் இரும்பு, பாலம் ஆகியவற்றுக்கு மேலே வைத்து எழுப்ப வேண்டாம். உள்ளே இருக்கிற கம்பி திசைகாட்டியைக் குழப்பும். குளக்கட்டின் மண் பகுதிக்கு நடந்து போங்கள்.

4. ஜிபிஎஸ் பிடித்து, ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடமான வீட்டுப் புள்ளி பதிந்ததாகச் செயலி சொன்ன பிறகே எழுப்புங்கள். தானே திரும்பி வருகிற உயரத்தை அயலில் உள்ள மிக உயர்ந்த பொருளுக்கு மேலே வையுங்கள். பாலை, வீரை, பனை எல்லாம் முப்பது மீற்றருக்குள் அடங்கும். தொலைபேசிக் கோபுரம் அடங்காது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் போகிற உயரழுத்தக் கம்பியும், பளைப் பக்கக் காற்றாலைகளும் இருக்கிற இடமென்றால் அவை கண்ணில் படுகிற தூரத்தில் பறக்கவே விடாதீர்கள். மெல்லிய கம்பி கமராவுக்குத் தெரியாது.

5. முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள். போகும்போது கஷ்டப்பட்டால் வரும்போது சுகமாக வரும். மறுவளமாகப் போனால், பட்டரி குறைந்த நேரத்தில் சோளகத்தை எதிர்த்து வர வேண்டியிருக்கும். மேலே சொன்ன இரண்டு மினியும் தாங்குவது செக்கனுக்கு 10.7 மீற்றர் வரையான காற்று. முப்பது வீதம் மிச்சமிருக்கும்போதே இறக்குங்கள்.

கமரா செற்றிங்

றோ, ஜேபெக் இரண்டும் எடுக்கும்படி வையுங்கள். ஐஎஸ்ஓ 100. வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 5500 கெல்வினில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் தண்ணீருக்கு மேலே ஒரு நிறம், செம்மண்ணுக்கு மேலே ஒரு நிறம் என்று மாறி, பிறகு படங்களை ஒட்ட முடியாது. ஹிஸ்டோகிராமை (இடது கறுப்பு, வலது வெள்ளை என்று வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) திரையில் போட்டு, வலப்பக்கச் சுவரில் இடிக்காத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். குளம் வானத்தைப் பிரதிபலிக்கும்போது வெளுத்துப் போன இடத்தில் பிறகு ஒன்றும் மீட்க முடியாது. கறுத்த இடத்தில் கொஞ்சம் மீட்கலாம். வானமும் நிலமும் ஒரே படத்தில் வருகிறதென்றால் ஏஈபி முறையில், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து, மூன்றோ ஐந்தோ எடுத்து வையுங்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி கண்ணாடி வீடியோக்காரருக்கு, நிலைப்படத்துக்கு அவசரமில்லை. போலரைசர் ஒன்று வாங்குங்கள். களப்பின் மேற்பரப்பு மினுக்கத்தை எடுத்துவிட்டு அடியில் உள்ள மணல் திட்டைக் காட்டும். ஆனால் அதைத் தரையிலேயே திருப்பி வைத்துத்தான் அனுப்ப வேண்டும். மேலே போய் ட்ரோன் பக்கம் திரும்பினால் பலனும் மாறும். ஆகவே எந்தத் திசையைப் பார்த்து எடுக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவெடுங்கள்.

வானத்தில்

வயலுக்கு 25 முதல் 40 மீற்றர். பனங்கூடலுக்கு வட்டு உயரத்துக்குச் சற்று மேலே. குளக்கட்டின் வளைவுக்கு 60, 80. அதற்கு மேல் போக வன்னியில் காரணம் மிகக் குறைவு.

கமராவை 20, 30 பாகை கீழே சாய்த்து, அடிவானத்தைச் சட்டத்தின் மேல் ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளுங்கள், அல்லது முழுதாக வெளியே விடுங்கள். கட்டக் கோடுகளைத் திரையில் போட்டு வைத்தால் சாய்வு உடனே தெரியும். பிறகு நேர் கீழாக 90 பாகை. ஒரே இடத்தை இந்த இரண்டு கோணத்திலும், சூரியன் பக்கத்தில் இருக்கும்போதும் எதிரில் இருக்கும்போதும் எடுத்துப் பழகுங்கள். பக்க ஒளியில் வரம்பும் உழவும் எழும்பித் தெரியும். எதிரொளியில் வாய்க்கால் மட்டும் மினுங்கி மற்றெல்லாம் கறுக்கும்.

தண்ணீருக்கு மேலே மிகத் தாழப் போக வேண்டாம். அலையில்லாத குளத்தில் கீழ்ச் சென்சருக்குப் பிடிக்க ஒரு அடையாளமும் கிடைக்காது. ட்ரோன் மெல்ல மெல்ல நகரும் அல்லது தாழும். பத்து மீற்றருக்குக் குறையாமல் நில்லுங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பது புதியவர்களுக்கு நல்ல பாடம். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் "எடு தம்பி, எங்களுக்கும் அனுப்பு" என்பார்கள். வலை கடலில் அரைவட்டமாகக் கிடக்கும், மிதப்புகள் புள்ளி புள்ளியாகத் தெரியும், இரண்டு கயிறும் கரைக்கு வரும். வளைத்தவுடனே எடுத்தால் வட்டம் பெரிது, கடல் வெறுமை. மடி கரையை நெருங்குகிற கடைசி நேரத்தில் கலங்கிய தண்ணீர் பச்சையில் இருந்து மண்ணிறத்துக்கு மாறும், ஆட்களின் வரிசை நெருங்கும், காலை வெயிலில் அவர்களின் நிழல் நனைந்த மணலில் நீளும். அப்போது நேர் கீழாக. ஆனால் அதே நேரம்தான் செம்பருந்தும் காகமும் கூடும். ஐம்பது மீற்றருக்குக் கீழே வராமல், கரைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். பருந்து உங்களை நோக்கி வந்தால் கீழே இறக்காமல் நேரே மேலே ஏற்றி விலகுங்கள். அவை மேலே இருந்து கீழே பாய்வதில்தான் கெட்டிக்காரர்கள்.

பூநாரையும் கூழைக்கடாவும் கூட்டமாக நிற்கிற இடத்தில் ட்ரோன் வேண்டாம். கூட்டம் எழும்பிப் பறக்கிற படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது பயந்து ஓடுகிற படம். கடல் தாண்டி வந்த பறவை தீனி தின்கிற நேரத்தைக் கெடுத்து எடுத்தது. யானை இன்னும் சிக்கல். தேனீ இரைச்சலுக்குப் பயப்படுகிற மிருகம் அது. நீங்கள் கலைத்துவிட்ட யானை ஓடிப் போய் நிற்பது யாரோ ஒருவரின் வயலில்.

விழுந்துவிட்டால்

செயலியில் கடைசியாகக் காட்டிய இடத்தை உடனே படம் பிடித்து வையுங்கள். பிறகு அவசரப்படாமல் யோசியுங்கள். முகமாலைப் பக்கமும் வேறு சில இடங்களிலும் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு அடையாளத் தடி, மஞ்சள் நாடா எதையாவது கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்க வேண்டாம். பலகை இல்லாத பற்றைக் காடென்றாலும் ஊர் ஆட்களிடம் கேட்காமல் நுழைய வேண்டாம். மிதிவெடி அகற்றுகிற குழுவிடம் சொன்னால், துப்புரவாக்கிய பிறகு எடுத்துத் தரலாம், தராவிட்டால் போகட்டும். குளத்துக்குள் விழுந்தால் முதலை இருக்கிறதா என்று மீன்பிடிக்கிறவர்களைக் கேளுங்கள். பனையில் மாட்டினால் மட்டும் அதிர்ஷ்டம்: கள்ளுச் சீவுகிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்தால் ஐந்து நிமிட வேலை.

மேசையில்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மெமரி கார்டை இரண்டு இடத்தில் பிரதி எடுப்பது. அதற்குப் பிறகே பார்ப்பது.

லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளைப் பாவிக்கிறீர்கள் என்று வைத்து எழுதுகிறேன். காசு கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு டார்க்டேபிளிலும், போனில் ஸ்னாப்சீட்டிலும் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். உதாரணத்துக்குச் சோளக காலத்தில் எடுத்த வற்றிய குளக்கரைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திறந்ததும் மங்கலாக, சப்பென்று இருக்கும். றோ அப்படித்தான்.

முதலில் வெட்டும் நேராக்கலும். தட்டை நிலத்தில் அடிவானம் அரைப் பாகை சாய்ந்தாலே தண்ணீர் வழிகிற மாதிரித் தெரியும். வெறும் வானம் பாதி இருந்தால் துணிந்து வெட்டுங்கள். இரண்டுக்கு ஒன்று என்ற நீளமான வடிவம் இந்த நிலத்துக்கு நன்றாகப் பொருந்தும். அடுத்தது வெண்சமநிலை. காலைச் சூட்டு நிறத்தை முழுதாகக் கழுவிவிட வேண்டாம், சேறு சேறாகத் தெரிந்தால் போதும். பிறகு ஹைலைட்ஸைக் குறைத்து, பிளாக்ஸைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். ஷாடோஸை நிறைய ஏற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. ஏற்றினால் அந்த 55 மீற்றர் நிழல் சாம்பலாகிவிடும். நிழலுக்காகத்தானே விடிய எழும்பிப் போனீர்கள், அதைக் கறுப்பாகவே விடுங்கள்.

தூசி மங்கலுக்கு டிஹேஸ். பத்தில் இருந்து இருபதுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் வானம் அழுக்கு நீலமாகி, மூலைகள் கறுத்து, தூரக் காட்டில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும்பும். முழுப்படத்துக்கும் போடாமல், மாஸ்க் எடுத்து அடிவானத்தை ஒட்டிய பட்டைக்கு மட்டும் போடுவது இன்னும் நல்லது. கரையின் சேற்றுக்கும் வெடிப்புக்கும் டெக்ஸ்சரை இன்னொரு மாஸ்க்கில் கூட்டுங்கள். தண்ணீரைத் தொட வேண்டாம். வழவழப்பான தண்ணீருக்குப் பக்கத்தில் கரடுமுரடான சேறு இருந்தால்தான் இரண்டும் எடுபடும்.

நிறத்தில் பச்சைதான் சிக்கல். இந்தச் சின்னக் கமராக்கள் இளநெல்லைக் கண்ணைக் குத்துகிற பச்சையாக்கும். சாச்சுரேஷனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏற்றாமல், நிறப் பகுதிக்குள் போய்ப் பச்சையின் செறிவையும் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறையுங்கள். மஞ்சளையும் பாருங்கள், நெல்லின் நிறம் பாதி அங்கேதான் இருக்கும். செம்மண் ஒழுங்கைக்குச் செம்மஞ்சளின் வெளிச்சத்தைச் சற்று இறக்கினால் மழைக்குப் பிந்திய மண்ணின் நிறம் வரும்.

வானத்தை மாற்றுகிற பொத்தான் ஒன்று இப்போது போட்டோஷொப்பில் இருக்கிறது. வேண்டாம். வானத்தில் மாலைச் சிவப்பு, குளத்துக்குள் காலை வெள்ளை, நிழல் மறுபக்கம் விழுந்திருக்கும். வன்னிச் சனம் குளத்தைப் பார்த்து நேரம் சொல்லும் சனம், உடனே பிடிபட்டுவிடுவீர்கள். மின்கம்பத்தை அழிப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் விடுவேன்.

ஏஈபியில் எடுத்தவற்றை ஒரே படமாக (எச்டிஆர்) இணைக்கும்போது, அசைந்த பொருள் இரட்டையாகத் தெரியாமல் தடுக்கிற பேய் நீக்கலைக் குறைந்த அளவில் போடுங்கள். பனையோலை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். பனோரமாவுக்கு வெளிச்சமும் வெண்சமநிலையும் பூட்டிய நிலையில், ஒவ்வொரு படமும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்கு மேற்படியும்படி எடுக்க வேண்டும். லைட்ரூமிலேயே ஒட்டலாம், ஹியூகின் என்ற இலவச மென்பொருளும் உண்டு. அலை அடிக்கிற கடற்கரைக்கு ஒட்டுப் படம் சரிவராது, நிற்கிற குளத்துக்குச் சரிவரும். கனகராயன் ஆறு இரணைமடுவுக்குள் வந்து, வெளியேறி, வடக்கே சுண்டிக்குளக் களப்பை நோக்கிப் போகிற பாதையில் அனுமதி கிடைக்கிற இடங்களை இப்படித் துண்டு துண்டாக ஒரு வருசம் எடுத்து வைத்தால் நல்ல தொகுப்பொன்று கிடைக்கும்.

வெளியே எடுக்கும்போது எஸ்ஆர்ஜிபி நிறவெளி, அதாவது திரைகளுக்கான பொது நிற அளவு. முகநூலுக்கு நீளப் பக்கம் 2048 பிக்சல் போதும். அச்சுக்கு 12 மெகாபிக்சல் கோப்பு, அதாவது 4032க்கு 3024, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 13க்கு 10 அங்குலம் வரை நன்றாக வரும்.

ட்ரோன் எடுக்கிற ஒவ்வொரு கோப்புக்குள்ளும் எடுத்த இடத்தின் ஆள்கூறு எழுதப்பட்டிருக்கும். ஏற்றுமதிப் பெட்டியில் இருப்பிடத் தகவலை நீக்கு என்ற தெரிவு இருக்கிறது, அதை எப்போதும் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும். தரம் குறையாமல் இருக்கட்டும் என்று டொக்கியுமென்டாக அனுப்பினால் ஆள்கூறும் சேர்ந்தே போகும். முதிரை மரத்தைக் களவாக வெட்டுகிறவர்களும் பழைய இடிபாடுகளில் புதையல் தோண்டுகிறவர்களும் அந்த எண்களை வாசிக்கத் தெரிந்தவர்கள்.